செவ்வாய், வியாழன் வகுப்பு

பிப்ரவரி 4

அன்புள்ள குட்டிக்கு,

எத்தனை வயதானாலும் நீ குட்டிதான், ஆகவே முகம் சுளிக்காமல் மேலே படி. நலமா என்று கேட்டால் "ம்" என்று ஒரு வரி எழுதுவாய் என்பதால் இந்த முறை கேட்கவில்லை. போன கடிதத்தில் விரலில் கட்டுப் போட்டிருப்பதாக எழுதியிருந்தாயே, அது ஆறிவிட்டதா, நகம் முளைத்துவிட்டதா என்பதை மட்டும் விவரமாக எழுது. போனில் கேட்கலாம்தான். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் "சரிம்மா, வைக்கட்டுமா" என்கிறாய். காகிதத்தில் அப்படி வைத்துவிட்டு ஓட முடியாது பார்.

இங்கே குழாய்கள் வழக்கம்போல உடைகின்றன. குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து ஊராரிடம் திட்டு வாங்குவதுதானே என் உத்தியோகம், அது குறைவில்லாமல் நடக்கிறது. நேற்று ஒருவர் தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்றார். "எவ்வளவு மஞ்சள் சார்?" என்று கேட்டேன். படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இருக்கிறது, நான் என்ன செய்ய. "ஒரு டம்ளர் குடிச்சுப் பாருங்க, தெரியும்" என்றார். பக்கத்து மேஜைக்காரி சிரித்த சிரிப்பு அவருக்கும் கேட்டுவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறேன். வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் ஒரே ஒரு பாடம் மட்டும் எடுத்துப் படிக்கலாம் என்று இப்போது ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது. நான் எடுத்திருப்பது அறிமுக வானியல். செவ்வாய், வியாழன் என்று வாரம் இரண்டு வகுப்பு. நாளின் பெயரைப் பார், வேண்டுமென்றே வைத்த மாதிரி இல்லை? தொடங்கிச் சில வாரங்கள் ஆகிவிட்டன. உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நீ உட்கார்ந்திருந்த அதே படிக்கட்டு வகுப்பறைதான். உன் வயதுப் பிள்ளைகள் நிறைய. முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். பேராசிரியை என்று நினைத்துவிட்டார்களாம். நானும் நல்லவேளை யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

அப்பாதான் கொண்டுபோய் விடுகிறார், அவர் ஓட்டச் சொல்லித்தருகிற டிரைவிங் ஸ்கூல் காரில். மேலே "பயிற்சி வாகனம்" என்ற பலகையோடு நான் பல்கலைக்கழக வாசலில் போய் இறங்குகிறேன். வகுப்பு முடிகிறவரை காரிலேயே உட்கார்ந்திருக்கிறார். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. நீ படிப்பை விட்டுவிட்டேன் என்று வந்து நின்ற அன்று அவர் சொன்னதையும், நீ திருப்பிச் சொன்னதையும், இரண்டு பேரும் இன்னும் விழுங்கவில்லை. ஆனால் உன் கடிதத்தை நான் மேஜையில் வைத்தால், மறுநாள் அதன் மடிப்பு மாறியிருக்கிறது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

சாப்பாட்டைத் தவிர்க்காதே.

என்றும் உன்,
அம்மா


பிப்ரவரி 19

அன்புள்ள அம்மாவுக்கு,

விரல் ஆறிவிட்டது. நகம் பாதி வந்திருக்கிறது. கோணல்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். படிக்க வேண்டும் என்றால் உலகத்தில் எத்தனையோ பாடம் இருக்கிறது. கணக்குப்பதிவு இருக்கிறது, மொழி இருக்கிறது. உனக்கு அந்தப் பாடம்தான், அந்த வகுப்பறைதான் கிடைத்ததா? அப்பா யோசனையா இது? நான் முடிக்காமல் விட்டதை நீ முடித்துக் காட்டினால் எனக்கு ரோஷம் வந்து ஓடி வருவேன் என்று யாராவது சொன்னார்களா? அப்படி ஏதாவது இருந்தால் நேராகச் சொல்லிவிடு.

இங்கே விமான நிலையத்தில் வேலை நடக்கிறது. ஓடுபாதை விளக்குகளைத் துடைப்பது, பழுது பார்ப்பது. விமானம் இறங்கும்போது டயர் தேய்கிற ரப்பர் கரி விளக்கின் கண்ணாடியில் அப்பிக்கொள்ளும், லேசில் போகாது. குளிர் குறையவில்லை. அறையில் என்னோடு இருக்கிற ஆளை எல்லோரும் மேனேஜர் என்று கூப்பிடுகிறார்கள். எந்த வேலையும் தானாகச் செய்ய மாட்டார், அதனால் வந்த பெயர்.

இப்படிக்கு,
குட்டி


மார்ச் 6

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா யோசனை இல்லை. நான் சேர்ந்த விஷயமே அவருக்கு முதல் வகுப்பு அன்றைக்குத்தான் தெரியும். "ஏழு மணிக்கு எங்க போற?" என்று கேட்டார், சொன்னேன், சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். உலகத்தில் எல்லாமே உன்னை வைத்துத்தான் நடக்கிறது என்று நினைக்காதே, கண்ணா. எனக்கு ஆசையாக இருந்தது, சேர்ந்தேன். அதற்கு மேல் காரணம் கேட்டால் எனக்கே தெரியாது.

அந்த ஆசைக்கு முதல் தேர்வில் நல்ல பதில் கிடைத்தது. தோல்வி. சும்மா தோல்வி இல்லை, பேராசிரியை தாளைக் கொடுக்கும்போது கவிழ்த்துக் கொடுக்கிற அளவுக்குத் தோல்வி. இன்னொரு தேர்வும் இப்படிப் போனால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களாம்.

நீயே சொல், பிரகாசமான விண்மீனுக்குச் சின்ன எண், மங்கலான விண்மீனுக்குப் பெரிய எண் என்று யாராவது வைப்பார்களா? அதுவும் ரொம்பப் பிரகாசம் என்றால் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுமாம். எங்கள் ஆபீசில் இப்படி ஒரு கணக்கு வைத்தால் அன்றைக்கே வாசலில் குடத்தோடு வந்து நிற்பார்கள். நான் எல்லாவற்றையும் தலைகீழாக எழுதிவிட்டு வந்தேன்.

அடுத்தது இடமாறு தோற்றம். பூமி நகர்வதால் விண்மீன் இடம் மாறினாற்போலத் தெரியும், அதை வைத்துத் தூரத்தைக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்கள். பேராசிரியை எதையும் நின்று சொல்ல மாட்டார், மேஜையைச் சுற்றி நடந்து நடந்துதான் சொல்வார், பிள்ளைகள் ராட்டினம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் சுற்றினதில் எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். பக்கத்தில் உட்காருகிற பெண் நல்லவள். "ஆன்ட்டி, விரலை நீட்டி ஒரு கண்ண மூடுங்க, அப்புறம் இன்னொரு கண்ண மூடுங்க, விரல் நகரும்" என்றாள். மூடினேன். நகர்ந்தது. அதற்கும் விண்மீனின் தூரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

உன்னைச் சொல்லித்தரச் சொல்லி இதை எழுதவில்லை. யாரிடமாவது புலம்ப வேண்டும்போல இருந்தது. அப்பாவிடம் புலம்பினால் "கிளட்சை மெதுவா விடு, எல்லாம் வரும்" என்கிறார்.

அந்தக் கோணல் நகத்தை வெட்டிவிடாதே, தானாக நேராகிவிடும்.

அன்புடன்,
அம்மா


மார்ச் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

போன கடிதத்தில் கொஞ்சம் வெடுக்கென்று எழுதிவிட்டேன் போலிருக்கிறது. மேனேஜர் கேட்டார், "அம்மாவுக்கா எழுதுற? மூஞ்சி ஏன் புகார் எழுதுற மாதிரி இருக்கு?" என்று. உன் உத்தியோகம் அவருக்குத் தெரியாது.

பிரகாச எண்ணை எண் என்று நினைக்காதே. ரேங்க் என்று நினை. முதல் ரேங்க் வாங்கின பிள்ளை ஆறாவது ரேங்க் பிள்ளையைவிடக் கெட்டி. அந்தக் காலத்தில் கண்ணால் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்தார்கள், அதிலிருந்து வந்த பழக்கம்தான். பிற்பாடு கருவி வைத்து அளந்தபோது, முதல் ரேங்க்கைவிடக் கெட்டியான பிள்ளைகள் சிலர் இருப்பது தெரிந்தது. அவர்களுக்கு எங்கே இடம்? பூஜ்யம், அதற்கும் கீழே. அவ்வளவுதான்.

இடமாறு தோற்றத்துக்குக் கண்ணை மூட வேண்டாம். அப்பா காரில் போகும்போது ஜன்னல் பக்கம் பார். ரோட்டோர விளக்குக் கம்பம் சடாரென்று பின்னால் ஓடும். கொஞ்சம் தள்ளி இருக்கிற வீடு மெதுவாக நகரும். தூரத்தில் உங்கள் வாரியத்துத் தண்ணீர்த் தொட்டி நகரவே நகராது, கூடவே வருகிற மாதிரி இருக்கும். கார் ஒன்றுதான், நகர்ந்த தூரம் ஒன்றுதான். எது அதிகமாக ஓடுகிறதோ அது பக்கம், எது கொஞ்சமாக ஓடுகிறதோ அது தூரம். இப்போது பூமிதான் கார். ஜனவரியில் ஒரு தடவை ஜன்னலைப் பார்க்கிறாய், ஜூலையில் சூரியனுக்கு அந்தப் பக்கம் போனதும் இன்னொரு தடவை பார்க்கிறாய். பக்கத்து விண்மீன், பின்னால் இருக்கிற விண்மீன்களுக்கு முன்னால் துளி நகர்ந்திருக்கும். அந்தத் துளிக் கோணத்தை அளந்துவிட்டால் தூரம் கைக்கு வந்துவிடும். படம் வரைந்து இணைத்திருக்கிறேன். கார் நன்றாக வரவில்லை, எருமை மாதிரி இருக்கிறது.

இங்கே எனக்கும் கோணத்தோடுதான் பாடு. ஓடுபாதை ஓரத்தில் நாலு விளக்கு வரிசையாக இருக்கும். சரியான சரிவில் இறங்கி வருகிற விமானிக்கு இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரியும். ரொம்பத் தாழ்ந்து வந்தால் நாலும் சிவப்பு, ரொம்ப உயரத்தில் வந்தால் நாலும் வெள்ளை. விளக்கு மயிரிழை சாய்ந்திருந்தாலும் அவருக்குத் தப்பாகத் தெரியும். அதனால் மட்டக்கருவியை வைத்துக்கொண்டு குப்புறப் படுத்துச் சரி பார்ப்போம். போன வாரம் ஃபோர்மேன் என்னைத் தனியாகவே பார்க்கச் சொன்னார். கூட நிற்கவில்லை.

புரிந்ததா என்று எழுது. புரியாவிட்டால் வேறு மாதிரி சொல்கிறேன்.

அன்புடன்,
குட்டி


ஏப்ரல் 17

அன்புள்ள குட்டிக்கு,

பாஸ். தாளை நிமிர்த்தியே கொடுத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்து "அது பக்கம், இது தூரம்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பா, "இதுக்கா இவ்வளவு பெரிய காலேஜ் கட்டி வெச்சிருக்காங்க?" என்றார். ஆனால் சிக்னலில் நின்றபோது அவரும் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

போன வாரம் தொலைநோக்கி. மொட்டைமாடியில் இருட்டியதும் வரிசையில் நிற்க வைத்தார்கள். சனிக்கிழமை அன்றைக்குச் சனிக்கோளைக் காட்டினார்கள், அதற்கும் நான் ஒரு ஜோக் சொன்னேன், சின்னப் பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. என் முறை வந்தது. குனிந்தேன். முதலில் இருட்டு. அப்புறம் என் இமைமயிர். பேராசிரியை, "மூச்சை விட்டுட்டுப் பாருங்க" என்றார். மூச்சை விட்டேன், குட்டி, அது வந்து நின்றது. வளையத்தோடு. நகத்தளவுகூட இல்லை. படத்தில் பார்த்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இது அங்கே இருந்தது. நான் பார்க்காத நாளெல்லாம் அது பாட்டுக்கு அங்கேயே இருந்திருக்கிறது. என்னை அறியாமல் "அய்யோ" என்று கத்திவிட்டேன். கீழே காரில் இருந்த அப்பாவுக்குக் கேட்டு, நான் படியில் விழுந்துவிட்டேன் என்று நினைத்து ஓடி வந்துவிட்டார். அந்த நாள் முழுக்க என்ன வேலை செய்தேன், யாரிடம் திட்டு வாங்கினேன் என்று இப்போது கேட்டால் எனக்கு நினைவில்லை.

இனி எழுதுவதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். நேராகவே எழுதுகிறேன்.

வீட்டுப்பாடத்தில் உன் கார் படத்தை வைத்து விளக்கம் எழுதியிருந்தேன். எருமையைத் திருத்திவிட்டேன். பேராசிரியை கூப்பிட்டு, "இது புத்தகத்துல இல்லையே, யார் சொல்லித் தந்தது?" என்று கேட்டார். "என் மகன். இங்கதான் படிச்சான்" என்றேன். பெயர், படித்த வருஷம் எல்லாம் கேட்டார். அவருக்கு உன்னை நினைவிருக்கிறது. "ஜன்னல் ஓரம், கடைசி வரிசை. கேள்வி கேட்க மாட்டார், கேட்டா நல்ல கேள்வியா இருக்கும்" என்றார். நடுவில் விட்டுப்போனவர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் திரும்பி வந்து சேரலாமாம். உனக்கு இந்த ஜூலைதான் கடைசி. தானே சிபாரிசு எழுதுகிறேன் என்கிறார்.

காரில் ஏறியதும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது உன் அறையிலிருந்த என் தையல் மிஷினும் பழைய நாற்காலிகளும் கூடத்துக்கு வந்திருந்தன. உன் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தூசி அதிகமா இருந்துச்சு" என்றார்.

நான் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. சொல்லச் சொன்னார்கள், சொல்லிவிட்டேன். ஆனால் ஏதோ ஒரு பதில் எழுது. "ம்" என்று எழுதாதே.

அன்புடன்,
அம்மா


மே 9

அன்புள்ள அம்மாவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதிலிருந்தே உனக்குப் புரிந்திருக்கும். நான் வரவில்லை. பேராசிரியைக்கு என் நன்றியைச் சொல். அவர் நினைவு வைத்திருந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்.

கணக்கு வரவில்லை, அதனால் விட்டேன் என்றுதான் அன்றைக்கு வீட்டில் சொன்னேன். அப்பாவும், "கணக்கு வராதவன் எதுக்குடா என்னை நாலு பேர்கிட்ட பீத்திக்க வெச்ச" என்று கத்தினார். கணக்கு வந்தது அம்மா. திணறித் திணறியாவது வந்தது. வேறொன்று நடந்தது. அதை எப்படிச் சொல்வது என்று அப்போது தெரியவில்லை, உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

நானும் அந்த மொட்டைமாடி வரிசையில் நின்றேன். சனிக்கோளைத்தான் காட்டினார்கள். எனக்கு முன்னால் நின்றவன் பார்த்துவிட்டு வாயடைத்துப் போனான். ஒரு பெண் அழுதேவிட்டாள். நான் குனிந்தேன், பார்த்தேன். வளையம் தெரிந்தது. "சரி, இருக்கு" என்று நினைத்தேன். அவ்வளவுதான். நிமிர்ந்து நின்று, இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்று இன்னொரு தடவை பார்த்தேன். அப்போதும் வரவில்லை. அதற்குப் பிறகு வகுப்பில் உட்கார்ந்தால் ஒரு பொய்யன் மாதிரி இருந்தது. அடுத்த இரண்டு மாதம் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை.

சின்ன வயதில் மின்வெட்டு வந்தால் என்னை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவாயே. அது என்ன, இது என்ன என்று நீதான் கேட்பாய். உனக்கும் பெயர் தெரியாது, எனக்கும் தெரியாது. நீயாக ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைப்பாய். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். எனக்குப் பிடித்தது வானம் என்றே நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். எனக்கு உண்மையில் பிடித்தது உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததுதான். உன் "அய்யோ"வைப் படித்ததும் அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அந்தச் சத்தத்தைத்தான் நான் என்னிடம் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். அது உன்னுடையது அம்மா. ஆரம்பத்திலிருந்தே உன்னுடையதுதான்.

எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. ஓடுபாதையில் ஒரு விளக்கு கெட்டால், போய், திறந்து, என்ன என்று பார்த்து, சரி செய்து, மறுபடி எரிவதைப் பார்த்துவிட்டு வருகிறேன். வரும்போது மனசு நிறைந்திருக்கிறது. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த மாதத்திலிருந்து வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். மின்பணி உரிமத் தேர்வு எழுதச் சொல்லியிருக்கிறார் ஃபோர்மேன்.

அறையைத் துடைத்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அவரிடம் எப்படிச் சொல்வாயோ தெரியவில்லை. உனக்கு என்மேல் கோபம் வந்தால் அதையாவது எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அன்புடன்,
குட்டி


ஜூன் 24

அன்புள்ள குட்டிக்கு,

கோபம் வந்தது. எழுதாமல்தான் இருந்தேன். எனக்குப் பிடித்ததை உன் தலையில் கட்டினேன் என்றா சொல்கிறாய் என்று குழம்பு கொதிக்கும்போதும், ஹெட்போனில் யாரோ கத்தும்போதும் மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன். அந்தச் சண்டைகளில் எல்லாம் நான்தான் ஜெயித்தேன். ஜெயித்து என்ன, மறுபடி உன் கடிதத்தை எடுத்துப் படித்தால் நீ குற்றமே சொல்லவில்லை. என்னுடையது என்று என்னிடம் கொடுத்திருக்கிறாய். இத்தனை வருஷத்தில் எனக்கு இது பிடிக்கும், அது பிடிக்கும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. அதனால் வாங்கிக்கொள்ளத் தெரியாமல் திகைத்துப்போனேன்.

இறுதித் தேர்வு எழுதினேன். ஒரு முழுக் கேள்வியை விட்டுவிட்டேன், இன்னொன்றில் கிலோமீட்டரையும் ஒளியாண்டையும் குழப்பி, ஒரு விண்மீனைப் பக்கத்துத் தெருவில் கொண்டுவந்து வைத்துவிட்டேன். இருந்தாலும் தேறிவிட்டேன், கடைசித் தரத்தில்தான். ஆபீசில் பக்கத்து மேஜைக்காரி எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தாள். பேராசிரியையிடம் உன் பதிலைச் சொன்னேன். "சரி, அவர் நல்லா இருக்காருல்ல, போதும்" என்றார். வருத்தப்படவில்லை. அப்புறம், "நீங்க?" என்று கேட்டார். அடுத்த பாடம் விண்மீன்களின் பிறப்பும் இறப்பும். அதற்குப் பள்ளிக்கூடக் கணக்கு முழுதும் வேண்டுமாம், ஆகவே முதலில் ஒரு வருஷம் கணக்கு வகுப்பில் உட்கார வேண்டும். உட்காரப்போகிறேன். ஆபீசில் மாலை ஷிஃப்ட்டுக்கு மாற்றுகிறேன் என்றார்கள், மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்தில் அங்கே நான் கொடுத்த முதல் புகார் அதுதான்.

அப்பாவிடம் எப்படிச் சொன்னேன் என்று கேட்பாய். உன் கடிதம் வந்த அன்று நான் அதை மேஜையில் வைக்கவில்லை. வகுப்புக்கு முன்னால் காரை நிறுத்தியதும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன், அவர் உன்னிடம் கத்தினதை நீ எழுதியிருந்த வரி உட்பட. முடித்ததும் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப அவனுக்குப் பிடிக்கலையா?"

"பிடிக்கலையாம்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல."

"யார்கிட்ட சொல்வான்? உங்ககிட்டயா, என்கிட்டயா?" என்றேன்.

போன் அடித்தது, அவருடைய மாணவன் யாரோ. எடுக்கவில்லை. பிறகு அவராகவே பேசினார். "என்கிட்ட வர்ற பசங்கள்ல சில பேருக்கு வண்டி ஓட்டவே பிடிக்காது. அப்பன் அனுப்பினான்னு வருவானுங்க. ஸ்டியரிங்கைப் புடிக்கிற புடியிலயே எனக்குத் தெரிஞ்சுடும். நானே அவங்கப்பன்கிட்ட போன் போட்டு, விட்டுடுங்க சார்னு சொல்லியிருக்கேன்." வெளியே பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே, "இவன் புடிச்ச புடியை நான் பார்க்கல" என்றார்.

அன்றைக்கு நான் வகுப்புக்குப் போகவில்லை. இரண்டு பேரும் காரிலேயே உட்கார்ந்திருந்தோம்.

அதற்கப்புறம் அவர் உன் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. நேற்று இரவு சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அங்க ராத்திரி ஷிஃப்ட் போடுறாங்களா அவனுக்கு? பகல்ல சத்தத்துல நல்லாத் தூங்குறானா, என்னன்னு கேட்டு எழுது."

நீ போன நாளிலிருந்து, நீ எப்படி இருக்கிறாய் என்று அவர் கேட்ட முதல் கேள்வி இது. கேட்டு எழுதச் சொன்னார், கேட்டுவிட்டேன். ஆனால் இதற்குப் பதிலை எனக்கு எழுதாதே, குட்டி. அவர் பெயருக்கே தனியாக ஒரு கடிதம் போடு. நன்றாகத் தூங்குகிறாய் என்றால் அப்படியே எழுது, தூக்கம் வரவில்லை என்றாலும் அப்படியே எழுது. உறையை நான் பிரிக்க மாட்டேன்.

என்றும் உன்,
அம்மா